சீட்டு ஆடிய கைக்கு ஆயுள் தண்டனை!

ரெயிலில் போகிறவர்கள் சீட்டு ஆடுவது உலக வழக்கம். நடுவில் ஒரு பெட்டி, அதன் மேல் ஒரு துண்டு, கையில் ஒரு சீட்டுக்கட்டு. உட்கார்ந்துவிட்டால் ஊர் வருவதே தெரியாது.

1974-ம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ந்தேதி இரவு, இங்கிலாந்தில் ஓடிய ஒரு ரெயிலில் அப்படித்தான் 5 பேர் சீட்டு ஆடிக்கொண்டு போனார்கள்.

ஆட்டம் முடிந்து இறங்கியவர்கள், சுதந்திர மனிதர்களாக வெளியே வந்தது 1991-ம் ஆண்டு மார்ச் மாதம் 14-ந்தேதி. இடையில் 16 வருடம் ஜெயில்!

என்ன குற்றம் செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. இருவர் கையைத் துடைத்து எடுத்த பஞ்சில் மருந்து ஊற்றியபோது, அது இளஞ்சிவப்பாக மாறியது. அவ்வளவுதான்.

"சயின்சு பொய் சொல்லாது" என்கிறார்கள். வாஸ்தவம். சயின்சு பொய் சொல்லாது. ஆனால் சயின்சு சொல்லாததைச் சொன்னதாகச் சொல்ல ஆள் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

21 பேர் பலி

அன்று இரவு பர்மிங்காம் நகரில் நடந்தது சாதாரண விஷயம் அல்ல.

ஊரின் நடுவில் இரண்டு மதுக்கடைகள். ஒன்று "மல்பெரி புஷ்", இன்னொன்று "டேவர்ன் இன் த டவுன்". வேலை முடிந்து வந்த இளைஞர்களும் பெண்களும் கூட்டமாக இருந்த நேரம். இரவு 8-15 மணிக்கு மேல், சுமார் 10 நிமிட இடைவெளியில் இரண்டு குண்டுகள் வெடித்தன.

21 பேர் செத்தார்கள். 180 பேருக்கு மேல் காயம். கை போனவர்கள், கால் போனவர்கள், கண் போனவர்கள் என்று ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது.

ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் தீவிரவாத இயக்கம் இங்கிலாந்தில் அப்போது பல இடங்களில் குண்டு வைத்துக்கொண்டு இருந்தது. ஊரே கொதித்தது. "பிடி, தூக்கில் போடு" என்று ஜனங்கள் கத்தினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன் கோபப்படாமல் என்ன செய்வான்?

ஆனால் கோபம் வந்த நேரத்தில்தான் போலீசுக்கு நிதானம் வேண்டும். கோர்ட்டுக்கு அதைவிட அதிகமாக வேண்டும். விஞ்ஞானிக்கு எல்லோரையும் விட அதிகமாக வேண்டும்.

அந்த மூன்று இடத்திலும் அன்று நிதானம் இல்லை.

நடுராத்திரியில் ஒரு சோதனை

குண்டு வெடிப்பதற்குச் சற்று முன்னால், 7-55 மணி ரெயிலில் பர்மிங்காமை விட்டுக் கிளம்பியவர்கள் அந்த 5 பேர். வட அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள். பிழைப்புக்காக பர்மிங்காமில் குடியேறியவர்கள்.

ஹேஷம் துறைமுகத்தில் கப்பல் ஏறி பெல்பாஸ்ட் நகருக்குப் போவது அவர்கள் திட்டம். எதற்கு? ஒரு சாவுக்கு. செத்தவன் ஐ.ஆர்.ஏ.காரன். ஒரு வாரத்துக்கு முன்பு, தான் வைக்கப் போன குண்டே வெடித்துச் செத்தவன். ஊர்ப் பழக்கத்துக்காகச் சாவுக்குப் போகிறவர்கள், செத்தவனின் வேலைக்கும் கூட்டாளிகள் என்று போலீசார் நினைத்தார்கள்.

துறைமுகத்தில் மடக்கினார்கள். பக்கத்தில் உள்ள மோர்கம் ஊர் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேசனில் வழியனுப்பிவிட்டுத் திரும்பிய 6-வது ஆள் பின்னால் பர்மிங்காமில் சிக்கினார்.

அரசாங்க விஞ்ஞானி டாக்டர் பிராங்க் ஸ்கியூஸ் விடிவதற்குள் மோர்கம் வந்து சேர்ந்தார். ஒவ்வொருவர் கையையும் ஈதர் நனைத்த பஞ்சால் துடைத்தார். சின்னக் கிண்ணங்களில் அதைப் போட்டு மருந்து சேர்த்தார்.

பில்லி பவர், பாடி ஹில் என்ற இருவரின் வலது கையில் எடுத்ததில் இளஞ்சிவப்பு வந்தது. மற்ற மூவருக்கு வரவில்லை.

இந்த இருவரும் வெடிமருந்தைத் தொட்டார்கள் என்பது 99 சதவீதம் நிச்சயம் என்று டாக்டர் பின்னால் கோர்ட்டிலே சொன்னார்.

99 சதவீதம்! கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற ஜோசியர்கூட இவ்வளவு அடித்துச் சொல்லமாட்டார்.

பீர் கம்பெனியில் பிறந்த சோதனை

அந்தச் சோதனைக்குப் பெயர் கிரீஸ் சோதனை. வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற கிரீஸ் அல்ல. கண்டுபிடித்தவரின் பெயர் அது. பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர். 19-ம் நூற்றாண்டில், பர்மிங்காமுக்குப் பக்கத்திலேயே உள்ள பர்ட்டன் என்ற ஊரில், பீர் கம்பெனியில் ரசாயன நிபுணராக இருந்தவர்.

இந்தச் சோதனை காட்டுவது வெடிகுண்டை அல்ல. "நைட்ரைட்" என்ற உப்பை மட்டுமே காட்டும். நைட்ரைட் இருந்தால் இளஞ்சிவப்பு வரும். குடிதண்ணீரில் அசுத்தம் இருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் இதே சோதனைதான் உதவுகிறது. ஆஸ்பத்திரியில் மூத்திரத்தில் நனைத்துப் பார்க்கும் பட்டையில் நிறம் மாறுவதும் இதே ரசாயனத்தால்தான்.

வெடிமருந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஜெலட்டின் குச்சி போன்றவற்றில் இருக்கும் நைட்ரோ கிளிசரினோடு காஸ்டிக் சோடா சேர்த்தால் அது உடைந்து நைட்ரைட் வெளிவரும். உடனே நிறம் மாறும்.

சரி. நைட்ரோ கிளிசரின் இருந்தால் நிறம் மாறும். நிறம் மாறினால் இருந்தது நைட்ரோ கிளிசரின்தானா?

இங்கேதான் ஏமாந்தார்கள்.

மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்து இருந்தால் மழை பெய்ததாகத்தான் அர்த்தமா? தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு போயிருக்கக் கூடாதா?

நைட்ரோ செல்லுலோஸ் என்று ஒரு பொருள். மரத்துக்குப் பூசும் ஒருவகை வார்னிஷில் இருக்கிறது. பெண்கள் நகத்துக்குப் போடும் பாலிஷில் இருக்கிறது. அந்தக் காலத்து சீட்டுக்கட்டுகளின் பளபளப்புப் பூச்சிலும் இருந்தது. அதுவும் இந்தச் சோதனையில் இளஞ்சிவப்பைக் காட்டும்!

ஆடி ஆடிக் கை வைத்த சீட்டு. அதில் இருந்து ஒட்டிய பூச்சு. பஞ்சிலே நிறம்.

சீட்டுக்கட்டுதான் காரணம் என்று யாரும் முடிவு கட்டவில்லை. கட்டவும் முடியாது. ஆனால் "சீட்டுக்கட்டாகவும் இருக்கலாம்" என்ற ஒரு வார்த்தை போதுமே! ஒருவனை ஆயுள் முழுவதும் பூட்டி வைக்கும் சாட்சி, அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்க வேண்டாமா?

சொன்னார்கள், கேட்கவில்லை

இதை அன்றைக்கே ஒருவர் சொன்னார். 1975-ம் ஆண்டு லங்காஸ்டர் நகரில் வழக்கு நடந்தபோது, எதிரிகள் தரப்பில் டாக்டர் ஹியூ பிளாக் என்ற நிபுணர் சாட்சி சொன்னார். வேறு பொருட்களும் இதே நிறத்தைக் காட்டும் என்றார்.

கோர்ட்டு அதை ஏற்கவில்லை. அரசாங்க விஞ்ஞானி சொன்னதையே நீதிபதி பெரிதாக எடுத்துக்கொண்டார். இத்தனை தெளிவான சாட்சியம் உள்ள வழக்கைத் தாம் பார்த்ததே இல்லை என்கிற அளவுக்குப் பேசினார். 6 பேருக்கும் ஆயுள் தண்டனை!

இன்னொரு விஷயம். பவரின் கையில் எடுத்த மாதிரியை, கிரீஸ் சோதனையைவிடப் பல மடங்கு நுட்பமான எந்திரத்தில் பின்னால் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே தெரியவில்லை! ஹில்லின் மாதிரி ஒன்றில் மட்டும் ஏதோ தெரிந்ததாகச் சொன்னார்கள். அதுவும் கடைசியில் நிற்கவில்லை.

மங்கலான கண்ணுக்குத் தெரிந்தது, பூதக்கண்ணாடிக்குத் தெரியவில்லை. அப்படியானால் மங்கலான கண் பார்த்தது தப்பு என்பதுதானே உலக நியாயம்? அந்த நியாயம் அன்று எடுபடவில்லை.

நிறம் பெற்ற பிள்ளை

"சோதனை மட்டுமா? நாலு பேர் வாக்குமூலம் கொடுத்தார்களே!" என்று சிலர் கேட்பார்கள்.

கொடுத்தார்கள். எப்போது கொடுத்தார்கள்? டாக்டரின் கிண்ணத்தில் நிறம் மாறிய பிறகு!

"உன் கையில் வெடிமருந்து இருக்கிறது, விஞ்ஞானி சொல்லிவிட்டார்" என்று போலீசுக்குத் தெம்பு வந்துவிட்டால் அப்புறம் நடப்பதைச் சொல்லவா வேண்டும்? அடித்தார்கள், மிரட்டினார்கள், தூங்கவிடவில்லை என்று 6 பேரும் ஆரம்பத்தில் இருந்தே சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போலீசார் எழுதி வைத்த குறிப்புகளிலேயே கோளாறு இருந்தது, காகிதத்தில் பதிந்த எழுத்துத் தடங்களை ஆராய்ந்தபோது பல வருடம் கழித்துத் தெரிந்தது.

தப்பான சோதனை ஒரு தப்போடு நிற்பது இல்லை. அது குட்டி போடும். விசாரிக்கிற போலீசுக்குத் தைரியம் கொடுக்கும். ஜூரிக்கு நம்பிக்கை கொடுக்கும். நீதிபதிக்குக் கோபம் கொடுக்கும். பத்திரிகைக்குத் தலைப்பு கொடுக்கும். அத்தனை பேரும் "விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்று ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொள்வார்கள். கடைசியில் எல்லோருக்கும் அடியில் இருப்பது கிண்ணத்தில் ஒரு சொட்டு!

டெலிவிசன் கிளப்பிய சந்தேகம்

1985-ம் ஆண்டு அந்த ஊர் டெலிவிசன் ஒன்று வேலையில் இறங்கியது. வேறு விஞ்ஞானிகளை வைத்து அதே சோதனையைச் செய்து பார்த்தது. சீட்டுக்கட்டைத் தொட்ட கையிலும் அதே நிறம்!

பத்திரிகையாளராக இருந்து பின்னால் பார்லிமெண்டு உறுப்பினர் ஆன கிரிஸ் முல்லின் விடாமல் எழுதினார். 1987-ல் வழக்கு மறுபடி அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. 1988 ஜனவரியில் தள்ளுபடி! தண்டனை சரிதான் என்று கோர்ட்டு அடித்துச் சொல்லிவிட்டது.

இன்னும் 3 வருடம். 1991-ல்தான் கதவு திறந்தது. விஞ்ஞான சாட்சியத்தை நம்ப முடியாது என்றாகிவிட்டது. தண்டனை ரத்து. ஜெயிலுக்குப் போகும்போது இளந்தாரியாக இருந்தவர்கள் நரை தட்டி வெளியே வந்தார்கள். மடியில் தவழ்ந்த குழந்தைகள் கல்யாண வயதில் நின்றார்கள்.

அந்த வருடங்களை எந்த நஷ்டஈடு திருப்பிக் கொடுக்கும்?

ஒரு குடும்பமே உள்ளே

இது ஒரே ஒரு தப்பு, கைதவறி நடந்தது என்று சொல்ல முடியாது.

அதே 1974 டிசம்பரில் லண்டனில் மக்வயர் குடும்பத்தைப் பிடித்தார்கள். அம்மா, அப்பா, இரண்டு மகன்கள், உறவினர்கள், நண்பர் என்று 7 பேர். நைட்ரோ கிளிசரின் வைத்திருந்ததாக வழக்கு. வீட்டைப் புரட்டிப் போட்டும் ஒரு துளி வெடிமருந்து கிடைக்கவில்லை. கை நகத்தில் எடுத்ததிலும், அந்த அம்மாள் போட்ட ரப்பர் கையுறையிலும் தடயம் தெரிந்தது என்றார்கள். அதுதான் வழக்கு முழுவதும்.

கடைசி மகனுக்குப் பிடிபட்டபோது வயது 13! அவனுக்கு 4 வருடத் தண்டனை. தாய்க்கும் தகப்பனுக்கும் தலைக்கு 14 வருடம். உறவினர் ஜூசெப்பே கான்லன் 1980-ல் கைதியாகவே செத்துப் போனார்.

அங்கே நடந்தது வேறு சோதனை. கண்ணாடித் தட்டில் பூசிய படலத்தில் புள்ளி வைத்து, அது எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்ப்பது. வேறொரு வெடிமருந்தும் அதே உயரத்துக்கு ஏறும் என்பது பின்னால் வெளியே வந்தது. மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்றால், மாதிரி மிச்சம் இல்லை. எல்லாம் முதல் சோதனையிலேயே தீர்ந்துவிட்டது!

ஓய்வு பெற்ற நீதிபதி சர் ஜான் மே விசாரணை நடத்தினார். ஒருவர் துடைத்த துண்டில் இன்னொருவர் துடைத்தால்கூட தடயம் ஒட்டலாம் என்பது அதில் வந்தது. 1991 ஜூனில் அந்தத் தண்டனையும் ரத்து. செத்தவருக்கும் சேர்த்து ரத்து!

எந்திரத்திலேயே ஒட்டிய மருந்து

சரி, பழைய கதை, அப்புறம் எல்லாம் சீராகிவிட்டது என்கிறார்களா? 1996-ல் இன்னொரு திடுக்கிடும் செய்தி வந்தது.

வெடிமருந்தை ஆராய்வதற்கென்றே இங்கிலாந்து அரசாங்கம் வைத்திருக்கும் ஆய்வுக்கூடத்தில், மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் எந்திரம் ஒன்று. அந்த எந்திரத்திலேயே ஆர்.டி.எக்ஸ். மருந்தின் தடயம் ஒட்டி இருந்தது! அது பல வருடமாக உபயோகத்தில் இருந்த எந்திரம். பேராசிரியர் பிரையன் கேடி தலைமையில் விசாரணை வைக்க வேண்டி வந்தது.

தராசிலேயே புளி ஒட்டி இருந்தால் கடைக்காரன் நிறுப்பது எப்படிச் சரியாக இருக்கும்?

பின்னே என்னதான் செய்வது?

சோதனையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. குண்டு வைக்கிறவன் "நான்தான் வைத்தேன்" என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவது இல்லை. தூசியிலும், துணியிலும், நகக்கண்ணிலும் தேடித்தான் ஆகவேண்டும். சரியாகத் தேடினால் குற்றவாளியையும் பிடிக்கும். அப்பாவியையும் காப்பாற்றும்.

எப்படிச் சரியாகத் தேடுவது என்பது இன்று ரகசியம் அல்ல.

முதலாவது: நிறம் மாறுவது முதல் சந்தேகம் மட்டுமே. முடிவு அல்ல. சுருட்டு வாசனை வந்தால் சுருட்டு பிடித்தவனைத் தேடலாம். அங்கே நின்றவனை உடனே பிடித்து உள்ளே போடக் கூடாது.

இரண்டாவது: ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத இரண்டு முறைகளில் பார்க்க வேண்டும். இன்றைய எந்திரங்கள் கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கின்றன. பிரித்ததை உடைக்கின்றன. உடைந்த துண்டுகளை எடை போடுகின்றன. ஒவ்வொரு பொருளும் உடையும் விதம் ஒரு கைரேகை மாதிரி. இரண்டு முறையும் ஒரே பெயரைச் சொன்னால்தான் அந்தப் பெயரை எழுத வேண்டும்.

மூன்றாவது: எதையும் தொடாத வெறும் பஞ்சு ஒன்றையும் கூடவே சோதிக்க வேண்டும். அதிலும் நிறம் வந்தால் தப்பு கைதியிடம் இல்லை, சோதனைக்கூடத்தில் இருக்கிறது! குண்டு வெடித்த இடத்துக்குப் போய்விட்டு வந்த அதிகாரி, அதே சட்டையோடு வந்து கைதியைத் தொடக் கூடாது.

நான்காவது: மாதிரியில் ஒரு பங்கை எதிர்த்தரப்புக்காக எடுத்து வைக்க வேண்டும். "நான் பார்த்தேன், நீ நம்பு" என்பது விஞ்ஞானம் இல்லை. "நீயும் பார்" என்பதுதான் விஞ்ஞானம்.

மாத்திரை போட்டவர் கதி?

இத்தனையும் செய்து, கையில் இருந்தது நைட்ரோ கிளிசரின்தான் என்று சந்தேகம் இல்லாமல் தெரிந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை.

நெஞ்சு வலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்களே ஒரு மாத்திரை, அதில் இருப்பதும் நைட்ரோ கிளிசரின்தான்! குண்டில் இருக்கும் அதே மருந்து, கொஞ்சமே கொஞ்சம். அந்த மாத்திரையை எடுத்த கையில் தடயம் இருக்கத்தானே செய்யும்? தாத்தாவைப் பிடித்து உள்ளே போட முடியுமா?

வயலுக்கு உரம் போடுகிறவர் கையில் அம்மோனியம் நைட்ரேட் இருக்கும். அது குண்டிலும் இருக்கிறது.

ஆகவே எந்திரம் சொல்வது, "இந்தப் பொருள் இங்கே இருக்கிறது" என்பதை மட்டும். எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எதற்காக என்பதை எந்திரம் சொல்லாது. அதை மற்ற சாட்சியங்களை வைத்து மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, எல்லாப் பாரத்தையும் பஞ்சின் தலையில் வைத்ததால்தான் பர்மிங்காம் 6 பேரும் மக்வயர் 7 பேரும் கெட்டார்கள்.

மறக்கப்பட்ட 21 பேர்

இதில் இன்னொரு கொடுமையைப் பலர் கவனிப்பது இல்லை.

அந்த 6 பேரை ஜெயிலில் போட்டதும் போலீசு கையைக் கழுவிவிட்டது. குற்றவாளி கிடைத்தாயிற்று என்று கதவைச் சாத்தியாகிவிட்டது. உண்மையாகக் குண்டு வைத்தவன் எங்கோ நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினான்.

2019-ம் ஆண்டு மரண விசாரணை ஜூரி, அந்த 21 பேரும் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டால் கொல்லப்பட்டார்கள் என்று தீர்ப்பு சொன்னது. ஆனால் 1991-ல் அந்தத் தண்டனைகள் ரத்தான பிறகு, அந்தக் கொலைகளுக்காக வேறு ஒருவர்கூட தண்டிக்கப்படவில்லை!

அப்பாவியைத் தண்டித்தால் குற்றவாளி தப்புகிறான். இது தர்மப் பிரசங்கம் அல்ல. கணக்கு.

எந்த ஊர் கோர்ட்டாக இருந்தாலும் சரி, நாளைக்கு ஒரு நிபுணர் கூண்டில் ஏறி "99 சதவீதம் நிச்சயம்" என்று சொன்னால், நீதிபதி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்.

"ஐயா, இதே நிறம் வேறு எதில் எல்லாம் வரும்?"

பதில் சொல்லத் தெரியாத நிபுணர் இறங்கிப் போகட்டும். 16 வருடம் ஒருவனை உள்ளே வைத்துவிட்டு அப்புறம் கேட்பதைவிட, அன்றைக்கே கேட்பது மேல்!